இயந்திரம் நடுக்கடலில் நிற்பது ஏன்?

நம் மன்ற இதழில் இலக்கியக் கட்டுரைகளுக்கு என்றும் குறைவிருந்ததில்லை. இம்முறை பெட்ரோல் வாடை வீசும் கட்டுரை ஒன்றையும் சேர்த்துக்கொள்ள ஆசிரியர் குழுவினர் இசைந்தனர். அவர்களுக்கு என் நன்றி. வாடை பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக்குச் செல்லலாம். ஆயின் நாகப்பட்டினத்திலும் இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் வீடுள்ள நண்பர்கள் பலர் நம் விடுதியில் இருக்கின்றனர். அவர்களுடைய வீட்டுச் சோறு எந்த இயந்திரத்தின் தயவில் வேகிறதோ, அந்த இயந்திரத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

என் ஊர் அந்தமானில் அபர்டீன் பஜார். போர்ட் பிளேர் நகருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். பஜாருக்கு மட்டும் பழைய பெயரே நின்றுவிட்டது. மணிக்கூண்டைக் கடந்து கடற்கரைப் பக்கம் இறங்கினால் படகுத்துறை. எதிரே ராஸ் தீவு; 2018இல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பெயரைச் சூட்டினர். அதைத் தாண்டினால் திறந்த கடல்தான். நம் தீவுகளின் மீன்பிடி டொங்கிகளில் பெரும்பாலும் டீசல் இயந்திரம் படகின் வயிற்றுக்குள் அமர்ந்திருக்கும். விரைவாகச் செல்ல விரும்புவோர் ஃபைபர் படகின் பின்பலகையில் வெளிப்பொருத்தும் இயந்திரத்தை, அதாவது அவுட்போர்டு மோட்டாரை, மாட்டிக்கொள்கின்றனர். 1909இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓலே எவின்ரூட் என்னும் நார்வே நாட்டுக்காரர் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகின் மீனவர் குப்பங்களில் அது நுழையாத இடம் அரிது.

சாலையில் மோட்டார் சைக்கிள் நின்றால் தள்ளிக்கொண்டு போகலாம். கடலில் நின்றால் நம்மைத் தள்ளிக்கொண்டு போவது நீரோட்டம். 2006 ஜனவரியில் மீனவர் இருவருடைய படகு நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டு வடக்கு சென்டினல் தீவின் கரையில் ஒதுங்கியது; இருவரும் அங்கே கொல்லப்பட்டனர். 2019இல் ஷாகித் தீவிலிருந்து புறப்பட்ட படகொன்று புயலில் சிக்கி, ஏறத்தாழ நான்கு வாரம் மிதந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒடிசாக் கரையை அடைந்தது. சென்ற இருவரில் ஒருவரே உயிருடன் கரை சேர்ந்தார். இவ்விரண்டும் எரிபொருள் கோளாற்றால் நேர்ந்தவை அல்ல. கட்டுப்பாடு இழந்த படகை எங்கள் கடல் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்காகச் சொன்னேன். எங்கள் வீட்டில் இந்த இரண்டு கதைகளையும் சொல்லாமல் யாரையும் கடலுக்கு அனுப்புவதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் என் சித்தப்பாவின் படகு மூன்று முறை நின்றது. 40 குதிரைத்திறன் உள்ள, இரண்டு சிலிண்டர், இருவீச்சு இயந்திரம், கார்புரேட்டர் வகை. ஜங்லிகாட்டிலிருந்து மெதுவாகப் புறப்படும்போது குறை ஏதும் தெரியாது. துறைமுக வாயிலைக் கடந்து முழு வேகம் கொடுத்தால் மூன்று நான்கு நிமிடத்தில் சுருதி இறங்கும், இருமும், நின்றுவிடும். ஓரிரு நிமிடம் கழித்துக் கயிற்றை இழுத்தால் ஒன்றுமே நடவாதது போல் கிளம்பும். மறுபடி முழு வேகம், மறுபடி இருமல்.

முதலில் ஸ்பார்க் பிளக்கை மாற்றினோம். அடுத்துக் கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தோம், அதுவும் இரண்டு தடவை. பிறகு பெட்ரோல் பம்பையே புதிதாகப் போட்டோம். எங்கள் ஊரில் உதிரிப்பாகம் என்பது பெரும்பாலும் சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து வரவேண்டிய பொருள். விலையோடு காத்திருந்த நாட்களின் மீன் வரவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பம்பு வந்தது, பொருத்தினோம். ராஸ் தீவுக்கு அருகே பழைய இருமலும் வந்தது. என் பொறியியல் படிப்பைப் பற்றிச் சித்தப்பா அன்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பஜாருக்குப் பின்சந்தில் ஒரு வயதான மேஸ்திரி இருக்கிறார். அவரிடம் போனோம். அவர் இயந்திரத்தைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்: "தம்பி, நீங்க படிக்கிற பிள்ளை. டாங்கியிலேருந்து பெட்ரோல் எப்படி மேலே வருது?"

"பம்பு இழுக்குது, மேஸ்திரி."

"இழுக்கறதுக்கு அதுக்குக் கையா இருக்கு?"

நான் விழித்தேன். டோரிசெல்லியின் பாதரசக் குழாயைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவன்தான் நான். ஆயினும் கேள்வி பெட்ரோல் குழாயைப் பற்றி வந்தபோது அந்தப் பாடம் நினைவுக்கு வரவில்லை.

திரவத்தை யாரும் இழுக்க முடியாது; தள்ளத்தான் முடியும். பம்பு தன் வாயருகே அழுத்தத்தைச் சற்றுக் குறைக்கிறது. தொட்டியிலுள்ள பெட்ரோலின் மேல் வளிமண்டலம் 101 கிலோபாஸ்கல் அழுத்தத்துடன் அமர்ந்திருக்கிறது. அதுவே பெட்ரோலைக் குழாய் வழியே மேலே தள்ளுகிறது. ஆகவே பம்புக்கு முந்திய பாதை முழுவதும் காற்றின் வேலை. பம்புக்குப் பிந்திய பாதைதான் பம்பின் வேலை. கோளாறு எந்தப் பாதியில் உள்ளது என்று கேளாமல் பம்பை மாற்றுவது, கிணற்றில் நீர் இருக்கிறதா என்று பாராமல் கயிற்றை மாற்றுவது போன்றது. அதைத்தான் நாங்கள் செய்திருந்தோம்.

பாதையைத் தொட்டியிலிருந்தே தொடங்கிக் காண்போம். 25 லிட்டர் தொட்டி. அதன் மூடியில் திருகித் திறக்கும் ஒரு மூச்சுத்துளை. உள்ளே அடிவரை இறங்கும் உறிஞ்சுகுழல். அதன் நுனியில் மெல்லிய சல்லடை. வெளியே ரப்பர் ஹோஸ். நடுவே கையால் அமுக்கும் பிரைமர் பல்பு. பல்பின் இருபுறமும் ஒருவழி வால்வு உண்டு. மேலே பொறித்துள்ள அம்புக்குறி இயந்திரத்தை நோக்கியிருக்க வேண்டும். ஹோஸின் முடிவில் இயந்திரத்தோடு இணைக்கும் கனெக்டர். அதனுள் காற்றுப் புகாமல் காக்கும் ஓ-ரிங் என்ற சிறு ரப்பர் வளையம். பிறகு வடிகட்டி, பம்பு, கார்புரேட்டர்.

பம்பு மிகவும் எளியது. அதற்கு மின்சாரமும் வேண்டாம், சக்கரமும் வேண்டாம். இருவீச்சு இயந்திரத்தின் கிராங்க் அறையில் பிஸ்டன் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தம் ஒருமுறை கூடி ஒருமுறை குறைகிறது. நிமிடத்துக்கு 5000 சுற்று என்றால் நொடிக்கு 83 துடிப்பு. அந்தத் துடிப்பு டயாபிரம் எனும் மெல்லிய சவ்வை முன்னும் பின்னும் அசைக்கிறது. இரண்டு சிறு வால்வுகள் பெட்ரோலை ஒருவழியாகச் செலுத்துகின்றன. முழு வேகத்தில் இது தரும் அழுத்தம் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 3 முதல் 6 பவுண்டு, அதாவது 20 முதல் 40 கிலோபாஸ்கல். 1950களில் வந்த சில அமெரிக்க இயந்திரங்களில் இந்தப் பம்பே கிடையாது. இரட்டைக் குழாய் வைத்து, ஒன்றன் வழியே கிராங்க் அறையின் அழுத்தத்தைத் தொட்டிக்குள் செலுத்திப் பெட்ரோலை மற்றதன் வழியே தள்ளினர். பெட்ரோல் தொட்டியை அழுத்தத்தில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து பயணம் செய்தவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். முழு வேகத்தில் நம் இயந்திரம் மணிக்கு 18 லிட்டர் குடிக்கிறது என்று கொள்வோம். நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர். சும்மா ஓடும்போது மணிக்கு ஒன்றரை லிட்டர். நிமிடத்துக்கு 25 மில்லிலிட்டர். அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. பாதையில் ஓர் இடுக்கான தடை இருந்தால் அங்கு ஏற்படும் அழுத்த இழப்பு, ஓட்டத்தின் வர்க்கத்தை ஒட்டி வளரும் என்பது நாம் படித்ததே. ஓட்டம் 12 மடங்கு கூடினால் இழப்பு ஏறத்தாழ 144 மடங்கு. பெட்ரோல் துடித்துத் துடித்துச் செல்வதால் கணக்கு இவ்வளவு சுத்தமாக அமையாது. ஆயினும் அளவின் போக்கு இதுதான். கரையில் கட்டிப்போட்டுச் சும்மா ஓட்டிப் பார்த்து, "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லும் சோதனை ஏன் பயனற்றது என்பது இதனால் விளங்கும். நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்கு நோயை எந்த வைத்தியரால் கண்டுபிடிக்க முடியும்?

உறிஞ்சும் பக்கத்தில் எவ்வளவு அழுத்தக் குறைவு வரை பொறுக்கலாம்? இதனைப் பாதரச அங்குலத்தில் சொல்வது தொழில் வழக்கம். இயந்திரக் கையேடுகள் பெரும்பாலும் 2½ முதல் 4 அங்குலம் வரை எல்லை வகுக்கின்றன. 4 அங்குலம் என்பது 13½ கிலோபாஸ்கல். நூற்றொன்றில் பதின்மூன்று போனால் என்ன என்று தோன்றலாம். பெட்ரோல் தண்ணீர் அன்று. அது ஆவியாகத் துடித்துக்கொண்டிருக்கும் திரவம். 38 பாகை வெப்பத்தில் அதன் ஆவியழுத்தமே 50, 60 கிலோபாஸ்கல் வரை இருக்கும். எங்கள் ஊர் வெயிலில், சூடான இயந்திர மூடிக்குள், அழுத்தம் மேலும் குறைந்தால் குழாயிலேயே கொதித்துக் குமிழிவிடும். பம்பு குமிழியைத்தான் தள்ளும். கார்புரேட்டருக்குக் குமிழியால் பயனில்லை.

உயரத்துக்கும் ஒரு பங்கு போகிறது. தொட்டி படகின் அடித்தட்டில், பம்பு அதற்கு 60 சென்டிமீட்டர் மேலே என்றால், அந்த உயரத்துக்குப் பெட்ரோலை ஏற்றவே 4.4 கிலோபாஸ்கல், அதாவது 1.3 அங்குலம், செலவாகிவிடும். அனுமதித்த எல்லையில் மூன்றில் ஒரு பங்கு இப்படியே தீர்ந்தது. மீதியில்தான் ஹோஸ், சல்லடை, வடிகட்டி எல்லாம் தங்கள் பங்கைப் பெறவேண்டும்.

மூச்சுத்துளையைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். வெளிப்பொருத்தும் இயந்திரம் நின்றுபோவதற்கு இதைவிட அற்பமான காரணமும் இல்லை, இதைவிட அடிக்கடி நேர்வதும் இல்லை. பெட்ரோல் வெளியேற வெளியேற அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். துளை மூடியிருந்தால்? தொட்டி நிரம்பி, மேலே 5 லிட்டர் காற்றிடம் மட்டும் இருக்கிறது என்று கொள்க. முக்கால் லிட்டர் பெட்ரோல் போனதும் பாயில் விதிப்படி உள்ளழுத்தம் 88 கிலோபாஸ்கலுக்கு இறங்கி, 4 அங்குல எல்லை எட்டிவிடும். முழு வேகத்தில் அதற்கு இரண்டரை நிமிடம் போதும். தொட்டி ஏறக்குறையக் காலியாகி 20 லிட்டர் காற்றிடம் இருந்தால், அதே எல்லையை எட்டப் பத்து நிமிடம் ஆகும். நிரம்பிய தொட்டியோடு சும்மா ஓடினால் அரைமணி நேரம். ஒரே குற்றம், மூன்று வேறு நோய்கள் போல் தோற்றம்! பெட்ரோலின் ஆவியும் பிளாஸ்டிக் தொட்டியின் சுவர் உள்ளொடுங்குவதும் இந்த நேரத்தைச் சற்று நீட்டும். அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இயந்திரம் நின்றவுடன் மூடியைத் திருகிப் பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தால் குற்றவாளி அகப்பட்டான்.

எங்கள் படகில் மூச்சுத்துளை திறந்தே இருந்தது. மேஸ்திரி அதை முதல் கேள்வியிலேயே கேட்டுத் தீர்த்துக்கொண்டார். இரண்டாவது கேள்வி: "நிக்கப்போற நேரத்திலே பல்பை அமுக்கினா ஓடுதா?" ஓடுகிறது என்றார் சித்தப்பா. "அப்ப கார்புரேட்டரைக் கழட்டின கூலியை நீ என்கிட்டே கேக்கக் கூடாது" என்று சிரித்தார்.

இந்தப் பல்பு செலவில்லாத ஓர் அழுத்தமானி. அதைப் படிக்கக் கற்றவன் பாதி மெக்கானிக். புறப்படுமுன் பல்பின் இயந்திரப் பக்க முனை மேல்நோக்க நிறுத்திப் பிடித்து அமுக்கினால், சில அமுக்கலில் கல் போல் இறுக வேண்டும். எத்தனை அமுக்கினாலும் இறுகாவிட்டால் எங்கோ காற்று புகுகிறது, அல்லது பல்பின் வால்வு கெட்டுவிட்டது, அல்லது கார்புரேட்டரின் ஊசி மூடாமல் பெட்ரோல் வழிந்தோடுகிறது. கடைசிக் காரணமாயின் மூக்கே சொல்லிவிடும். ஓடும்போது பல்பு சப்பிப்போய் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டால் தடை பல்புக்கு முன்னால்: மூச்சுத்துளை, உறிஞ்சுகுழல், சல்லடை, தொட்டிப்பக்க ஹோஸ். பல்பு இறுகியிருந்தும் இயந்திரம் பட்டினி கிடந்தால் தடை பல்புக்குப் பின்னால். சாகும் தறுவாயில் பல்பை அமுக்க இயந்திரம் பிழைத்தால், கார்புரேட்டரின் வழிகள் பெரும்பாலும் நன்றாகவே உள்ளன. பெட்ரோல் அதனிடம் போதிய அளவு வந்து சேரவில்லை என்று பொருள்.

ஏன் மூன்று நான்கு நிமிடம் கழித்து நிற்கிறது, உடனே ஏன் நிற்கவில்லை? இதற்கும் கணக்கு உண்டு. கார்புரேட்டரின் கிண்ணங்களில் சிறிது பெட்ரோல் கையிருப்பாக இருக்கும். இரண்டிலும் சேர்த்து 80 மில்லிலிட்டர் என்று வையுங்கள். தேவை நிமிடத்துக்கு 300, வரவு 280. பற்றாக்குறை 20. நான்கு நிமிடத்தில் கையிருப்பு தீரும். மாதக் கடைசியில் நம் விடுதி மாணவர்களின் நிலையும் இதுவே ஆதலால் விளக்கம் தேவையில்லை.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. இருவீச்சு இயந்திரத்தில் மசகெண்ணெய் பெட்ரோலோடு கலந்தே போகிறது. 50க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைகிறது. கலவையில் காற்று மிகுந்து பிஸ்டன் சூடேறும் அதே வேளையில் வழவழப்பும் இல்லாமற்போகிறது. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டால் ஓ-ரிங் விலையில் முடியவேண்டியது புது இயந்திரத்தின் விலையில் போய் நிற்கும். இருமுகிற இயந்திரத்தை "இன்னும் கொஞ்சம்" என்று முழு வேகத்தில் விரட்டுவோர் இதைக் கருதவேண்டும்.

மேஸ்திரியின் சோதனை மூன்று படியாக நடந்தது. முதலில் தம்முடைய தொட்டியையும் ஹோஸையும் படகில் ஏற்றினார். ராஸ் தீவு வரை முழு வேகத்தில் போய்த் திரும்பினோம். இருமல் இல்லை. ஆக, இயந்திரமும் கார்புரேட்டரும் பம்பும், எங்கள் பழைய பம்பு உட்பட, நிரபராதிகள். கால் மணி நேரச் சோதனை. இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று நான் எண்ணிய எண்ணத்தை இங்கு எழுதுவதைவிடத் தங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

இரண்டாம் படியில் எங்கள் தொட்டியையே திரும்ப இணைத்து, பம்புக்குச் சற்று முன்னால் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைச் சேர்த்தார். அதன் பக்கத்தில் மும்முனை இணைப்பு ஒன்றைப் போட்டு வெற்றிடமானியை மாட்டினார். ஒவ்வொரு இணைப்பிலும் கிளிப் போட்டு இறுக்கினார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது; படகின் அடியில் தேங்கி, ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். ஆகவே பீடி பற்றவைக்க இருந்த சித்தப்பாவைக் கரைக்கு அனுப்பிவிட்டே வேலையைத் தொடங்கினார். ஓட்டிப் பார்ப்பதும் தண்ணீரில் வைத்தே. தண்ணீருக்கு வெளியே ஓட்டினால் குளிர்நீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரம் உலர்ந்து தேய்ந்துவிடும்.

மெதுவாக ஓடியபோது குழாயில் தெளிந்த பெட்ரோல். முழு வேகத்தில் சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் குமிழிகள்! மானியோ 2 அங்குலம்கூடக் காட்டவில்லை. தடை இருந்தால் மானி ஏறவேண்டும். காற்று புகுந்தால் மானி இறங்கிக் குமிழி தோன்றும். ஆகவே காற்று புகுகிறது. எங்கே? ஹோஸில் ஒரு சொட்டுக்கூட வெளியே கசியவில்லையே என்றேன். உறிஞ்சும் பக்கத்தில் வெளியழுத்தம் உள்ளழுத்தத்தைவிட மிகுதி; ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகுமே தவிரப் பெட்ரோல் வெளியே வராது. கசிவைப் பார்க்க வேண்டுமானால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பல்பை அமுக்கிப் பிடிக்கவேண்டும். அப்போது உள்ளழுத்தம் மிகும். அப்படிப் பிடித்தபோது கனெக்டரின் கழுத்தில் ஒரு முத்துப்போல் பெட்ரோல் அரும்பியது. ஓ-ரிங் வெடித்திருந்தது.

வளையத்தை மாற்றினார். கதை முடிந்தது என்று நான் எண்ணினேன். மேஸ்திரி மானியைக் கழற்றவில்லை. மறுபடி முழு வேகம். குமிழி இல்லை, ஆனால் மானியின் முள் 6 அங்குலத்துக்கு ஏறிவிட்டது. பல்பு சப்பையாக ஒட்டிக்கொண்டது.

எனக்கு இதுவே இந்த விடுமுறையின் பெரிய பாடம். இரண்டு கோளாறுகள் இருந்தன. ஒன்று மற்றொன்றை மறைத்துக்கொண்டிருந்தது. தொட்டிப் பக்கம் ஏதோ தடை. அதனால் ஹோஸ் முழுவதும் வெற்றிடம் மிகுந்தது. மிகுந்த வெற்றிடம், மூப்படைந்த வளையத்தின் வழியே காற்றை உள்ளே இழுத்தது. காற்று புகுந்ததால் மானியின் முள் இறங்கி, தடையே இல்லை என்று பொய் சொன்னது. வளையத்தை மட்டும் மாற்றிவிட்டுக் கடலுக்குப் போயிருந்தால் நான்காவது முறையும் நின்றிருப்போம். 6 அங்குலத்தில் 1.3 உயரத்துக்கு உரியது, மீதி 4.7 தடைக்கு உரியது. அதை 144ஆல் வகுத்தால் சும்மா ஓடும்போது எவ்வளவு காட்டும் என்பது தெரியும். மானியின் முள் அசைந்ததா என்றே ஐயுறவேண்டிய அளவு.

உறிஞ்சுகுழலை உருவிப் பார்த்தோம். நுனிச் சல்லடையில் கரும்பழுப்பாக ஒரு வழவழப்பு; அதில் ரப்பர்த் துணுக்குகள். எங்கள் ஹோஸின் உட்புறம் ஒரு பக்கம் செதில் செதிலாக உரிந்திருந்தது. ஓட்டம் இயந்திரத்தை நோக்கியதாயிற்றே, ஹோஸின் துணுக்கு தொட்டிக்குள் எப்படிப் போனது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பழைய தொட்டியிலிருந்து புதியதற்கு அதே ஹோஸால் பெட்ரோலை மாற்றும் வழக்கம் சித்தப்பாவுக்கு இருந்தது! சல்லடையைக் கழுவி, ஹோஸைப் பல்போடு சேர்த்துப் புதிதாக மாற்றினோம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பயன்படும் இடங்களில் இந்த உரிதல் மேலும் விரைவாக நேரும். நம் நாட்டில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை 2023இல் தொடங்கியது. அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் ஊதும், மென்மையாகும், உரியும். எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். அளவு மிஞ்சினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து தனியே பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். உறிஞ்சுகுழலின் வாயும் அங்கேதானே இருக்கிறது! கடல்காற்றில் பாதித் தொட்டியை மாதக்கணக்கில் வைத்திருப்போர் ஒரு கண்ணாடிக் குவளையில் அடிப்பெட்ரோலை ஊற்றிப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களைப் பெட்ரோலில் கிளப்பிப் பிறகு மாற்றுகிறார்கள். அங்கே ஆவித்தொல்லை குறைவு, அழுக்குத்தொல்லை மிகுதி.

புதிய நாற்வீச்சு இயந்திரங்கள் பலவற்றில் கார்புரேட்டரே கிடையாது; பெட்ரோலை நுண்துளை வழியே பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் உண்டு. அங்கே பம்பு இரண்டு. முதற்பம்பு தொட்டியிலிருந்து பெட்ரோலை ஏற்றி, ஆவிபிரிக்கும் கிண்ணம் ஒன்றில் விடுகிறது. குமிழிகள் அங்கே பிரிகின்றன. அதனுள் இருக்கும் மின்பம்பு 250 முதல் 300 கிலோபாஸ்கல் அளவிலான அழுத்தத்தில் இன்ஜெக்டருக்கு அனுப்புகிறது. சரியான எண் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். கையேட்டைப் பார்த்தே தீரவேண்டும். இவ்வகையில் சாவியைத் திருப்பியதும் அழுத்தம் சரியாகக் காட்டி, முழு வேகத்தில் சரிந்தால், மின்பம்பைக் குறைசொல்லுமுன் அதன் கிண்ணம் நிரம்புகிறதா என்று பார்க்கவேண்டும். நிரம்பாவிட்டால் நாம் மறுபடியும் பழைய ஹோஸுக்கும் பல்புக்கும் மூச்சுத்துளைக்கும்தான் திரும்பி வருகிறோம். நிறுத்திய பின் அழுத்தம் மளமளவென்று இறங்கினால் பம்பின் வால்வோ, அழுத்தச் சீராக்கியோ, ஓர் இன்ஜெக்டரோ கசிகிறது. இக்குழாய்களை அழுத்தத்தை வெளியேற்றாமல் கழற்றக் கூடாது. இயந்திரம் நின்ற பிறகும் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும்.

புது ஹோஸோடு மீண்டும் துறைமுக வாயிலைக் கடந்தோம். சித்தப்பா சுக்கானில்; மேஸ்திரி மானியைப் பார்த்தபடி; நான் பல்பைக் கையில் பிடித்தபடி. இருபது நிமிடம் முழு வேகம். முள் 2 அங்குலத்தில் நின்றது. உயரத்துக்கு 1.3 போக, பாதை முழுவதற்கும் 0.7. கண்ணாடிக் குழாயில் பெட்ரோல் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாத அளவுக்குத் தெளிவு.

கரைக்கு வந்ததும் மேஸ்திரி இயந்திர மூடியைக் கழற்றி, அதன் உட்புறத்தில் அழியாத மையால் 'முழு வேகம்: 2' என்று எழுதி, அன்றைய தேதியையும் போட்டார். "அடுத்த தடவை இது மூணு ஆனா என்கிட்டே வா. ஆறு ஆகிறவரைக்கும் காத்திருக்காதே" என்றார் சித்தப்பாவிடம். மானியும் கண்ணாடிக் குழாயும் இப்போது எங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒன்று உண்டு. பழைய பம்பையும் அதே பெட்டியில் வைத்திருக்கிறோம். அது இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது.